பத்து கிராம்

அந்தக் கணக்குக்குச் சரியான விடை எட்டு கிராம். என் வகுப்பு மொத்தமும் பத்து கிராம் என்று எழுதி வைத்திருந்தது.

பக்கத்துப் பள்ளியிலிருந்து தாள் திருத்தியவர் கட்டைப் பிரித்து, தலைமையாசிரியரின் மேசை நிறையப் பரப்பியிருந்தார். இறுதித் தேர்வுக்கு முன்னால் ஒரு மாதிரித் தேர்வு வைப்போம். எங்கள் பிள்ளைகளின் தாளை அவர்கள் திருத்துவார்கள், அவர்களுடையதை நாங்கள் திருத்துவோம். சொந்தப் பிள்ளைகளுக்கு யாரும் மதிப்பெண்ணை அள்ளிப் போட்டுவிடக் கூடாது என்று ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அன்றைக்கு மட்டும் எனக்கு அது பிடிக்கவில்லை.

"ஆறு கிராம் மக்னீசியம், மூணு புள்ளி ரெண்டு கிராம் ஆக்சிஜன். ரெண்டும் சேர்ந்து எரிஞ்சா எவ்வளவு ஆக்சைடு கிடைக்கும்? இதான் கேள்வி," என்றார் அவர். "போட்டதே மொத்தம் ஒன்பது சொச்சம் கிராம். பத்து எப்படி மேடம் வரும்? எரிக்கும்போது குட்டி போடுமா?"

தலைமையாசிரியர் சிரித்தார். அவருக்கு வரலாறு பாடம். குட்டி போடும் என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார்.

"தப்பா எழுதறது புதுசில்ல," என்று திருத்துபவர் தொடர்ந்தார். "ஆனா ஒரு வகுப்புன்னா அஞ்சு விதமா தப்பு வரும். இங்க பாருங்க. எல்லாத் தாள்லயும் ஒரே பெட்டி. சமன்பாடு எழுதல, அலகு எழுதல. நாலு கட்டம், குறுக்கால ஒரு கோடு, கீழ பத்து. அச்சுல அடிச்ச மாதிரி."

நான் எட்டிப் பார்த்தேன். ஒரு பெட்டி, நான்கு கட்டம். மேலே நாற்பத்தெட்டு, எண்பது. கீழே ஆறு, கேள்விக்குறி. குறுக்கே பெருக்கு, மிச்சத்தால் வகு. அந்தப் பெட்டியை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிறந்த பெட்டி அது.

"தேர்வு நடக்கும்போது நீங்க ஹாலுக்குள்ள போனீங்களாமே?" என்றார் அவர்.

போனேன். மக்னீசியத்தின் அணு நிறை அச்சில் மங்கிவிட்டது என்று ஆள் அனுப்பினார்கள். போய், இருபத்து நான்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். அதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிய விதத்திலேயே நம்பவில்லை என்று தெரிந்தது.

"இன்னொண்ணு காட்டறேன்," என்று ஒரு தாளைத் தனியாக எடுத்தார். "இந்தப் பொண்ணு மட்டும் முதல்ல சரியாப் போட்டிருக்கு. ஆக்சிஜன்தான் முதல்ல தீரும்னு எழுதி, எட்டு கிராம்னு அழகா முடிச்சிருக்கு. அப்பறம் எல்லாத்தையும் அடிச்சுட்டு, பக்கத்துல அதே பெட்டி, அதே பத்து. சரியா எழுதினத எதுக்கு மேடம் அடிக்கணும்? யாரோ சொல்லித்தானே?"

யாரோ சொல்லித்தான். அதில் அவர் சொன்னது அப்பட்டமான உண்மை.

அந்தத் தாள் 'ஆனா'வுடையது. வகுப்பில் அவளுக்கு அதுதான் பெயர். எதைச் சொல்லிக் கொடுத்தாலும் "ஆனா மிஸ்" என்று தொடங்குவாள். தண்ணீர் கொதிக்கும் என்றால், ஆனா மிஸ், மலை மேல் கொதித்தால்? உப்பு கரையும் என்றால், ஆனா மிஸ், எவ்வளவு போட்டாலுமா? பாடத்தை முடிக்கும் அவசரத்தில் இருக்கிற ஆசிரியைக்கு இப்படி ஒரு பிள்ளை போதும். நான் அவளைப் பல நாள் கண்டும் காணாமல் இருந்திருக்கிறேன்.

இப்போது என் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேதியியல் உயிர். குடுவையில் நிறம் மாறுவதைப் பார்த்தால் இந்த வயதிலும் கை தட்டத் தோன்றும். ஆனால் கணக்கு என்றால் கை சில்லிட்டுப் போகும். கரும்பலகையில் வகுத்தல் போடும்போது முதுகுக்குப் பின்னால் யாராவது சிரித்தால் புள்ளி இடம் மாறிவிடும். ஒருமுறை அப்படி மாறி, ஒரு கரண்டி சோடாவில் ஒரு அறை நிறைய வாயு வரும் என்று போட்டுவிட்டேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு கணக்குக் கேள்வி வரும் பாடங்களில் கதையை விரிவாகச் சொல்லிவிட்டு, "கணக்கை வீட்ல போட்டுப் பாருங்க" என்று நழுவிவிடுவேன். தேர்வில் அந்தக் கேள்விகளை அவர்கள் தொடாமல் விட்டால் நானும் பெரிதாகக் கண்டிப்பதில்லை. மற்றதில் மதிப்பெண் எடுத்தால் போதாதா என்று மனதைத் தேற்றிக்கொள்வேன்.

இந்த வருடம் வினாத்தாளில் கணக்கு கூடிவிட்டது. நழுவ வழியில்லை. என் கொழுந்தன் இதே பள்ளியில்தான் கணக்கு ஆசிரியர், சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அந்த மாத முடிவில் வேலை நிரந்தரமாக வேண்டும். வீட்டில் சாப்பிடும்போது அவனிடம், "தம்பி, என் பிள்ளைங்களுக்கு ஒரு வாரம் கணக்கு மட்டும் எடுத்துக் குடேன்" என்றேன்.

"வேதியியல்ல வர்றதெல்லாம் ஒரு கணக்கா அண்ணி?" என்று அவன் பேப்பரை இழுத்து, சாப்பிட்ட கையோடு இடது கையால் பெட்டி போட்டான். "இத மட்டும் சொல்லிக் குடுத்தா போதும். கண்ண மூடிட்டுப் போடலாம்."

கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்ற வார்த்தை எனக்கு அவ்வளவு இனித்தது. "நல்லா இருக்கே" என்றேன். பெட்டியை ஒழுங்காகக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், இரண்டு பொருளின் எடையையும் கொடுத்தால் இது உதவாது, எது முதலில் தீர்கிறது என்று பார்க்க வேண்டும் என்று சொல்லியிருப்பேன். அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். பத்து சட்டைக்குத் துணி இருந்து, எட்டுச் சட்டைக்கான பொத்தான்தான் இருந்தால் எட்டுச் சட்டைதான் முடியும் என்று வகுப்பில் வாய் நிறையச் சொன்னவளே நான்தான். அதைக் கணக்காகப் போட்டுக் காட்டாமல் விட்டவளும் நான்தான்.

அவன் வகுப்பெடுத்த அந்த வாரம் நான் ஆய்வகத்தில் உட்கார்ந்து நிம்மதியாக டீ குடித்தேன். ஒருநாள் 'ஆனா' வந்து கதவருகில் நின்றாள். "ஆனா மிஸ், ரெண்டு எடையும் குடுத்தா பெட்டியில எத எழுதறது?" என்று கேட்டாள்.

"கணக்கு சார்கிட்டயே கேளேன்மா. அவர்தானே எடுக்கறாரு," என்றேன். கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் போய்விட்டாள்.

தலைமையாசிரியர் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். நானும் அறையில் இருந்தேன். அவள் மேசைக்கு முன்னால் கைகட்டி நின்றாள்.

"ஹால்ல யாரும்மா சொன்னாங்க?"

"யாரும் சொல்லல சார்."

"மிஸ் உள்ள வந்தப்போ போர்டுல ஏதாவது எழுதினாங்களா?"

"இல்ல சார். இருபத்து நாலுன்னு வாயால சொன்னாங்க."

"பக்கத்துல பாத்தியா?"

"இல்ல சார்."

"அப்ப எதுக்கு அடிச்ச?"

"தப்புன்னு நெனச்சேன் சார்."

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுது, ஊர்க்கதை எழுதாதே என்று வருடம் முழுக்க நான்தான் பழக்கியிருந்தேன். பழக்கம் வீண்போகவில்லை. ஹாலைப் பற்றிக் கேட்டார்கள், ஹாலைப் பற்றிச் சொன்னாள். பெட்டி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பெட்டி எங்கிருந்து வந்தது என்று தெரிந்த ஒருத்தி, அதே அறையில், விசிறிக்குக் கீழே வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

தலைமையாசிரியருக்குக் கோபம் வந்தது. "சரியா எழுதினத அடிச்சது நீ ஒருத்திதான், அதனால உன்னத்தான் கேக்கறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். உண்மையச் சொல்லலன்னா உன் பேரை எழுதி அனுப்பறதத் தவிர எனக்கு வேற வழியில்ல. இறுதித் தேர்வுக்கு ஹால் டிக்கெட் வராது. புரியுதா?"

அவள் தலையாட்டினாள். வெளியே போகும்போது என்னை ஒரு முறை பார்த்தாள். அது கெஞ்சலும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. மிஸ் இருக்கிறார்கள், ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்க்கிற பார்வை. நான் குனிந்து என் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வீட்டில் கொழுந்தன் பைக்கை நிறுத்துவதற்குள் பிடித்துக்கொண்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் வெளுத்துப்போனது.

"ரெண்டு எடை குடுத்தா எத எழுதறதுன்னு ஒரு பொண்ணு உன்கிட்ட கேட்டாளா?"

"கேட்டா அண்ணி."

"என்ன சொன்ன?"

அவன் ஹெல்மெட்டின் பட்டையை இழுத்து இழுத்து விட்டான். "எனக்குச் சட்டுனு தெரியல. வகுப்பே பாத்துட்டு இருந்துச்சு. முதல்ல இருக்கறத எழுது, இன்னொண்ணு சும்மா குழப்பறதுக்குக் குடுத்திருப்பாங்கன்னு சொல்லிட்டேன்."

"தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க சொல்வீங்களா அண்ணி, வகுப்புல நின்னுட்டு?"

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை நாள் கணக்கை விட்டு ஓடி ஒளிந்தவளிடம் அல்லவா கேட்கிறான்.

என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். "இப்ப போய் நீ இதச் சொன்னா அவனோட வேலை என்ன ஆகும்? இன்னும் ஒரு மாசம் கூட இல்ல. பிள்ளைங்க விஷயம், ரெண்டு நாள்ல அதுவா அடங்கிடும்."

"அவளுக்கு ஹால் டிக்கெட் வராதுங்க."

"சும்மா பயமுறுத்துவாங்க. நிஜமாவா நிறுத்திடுவாங்க?"

எனக்கும் அப்படித்தான் நம்ப வேண்டியிருந்தது. நம்பினேன். கொழுந்தன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரவில்லை. அவனுக்கு எடுத்து வைத்ததை மறுநாள் காலையில் நானே கொட்டினேன்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் பள்ளிக்குப் போனேன். வகுப்பெடுத்தேன். 'ஆனா' மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் எது சொன்னாலும் எழுதிக்கொண்டாள். எதுவும் கேட்கவில்லை. ஒரு பாடம் தடங்கலே இல்லாமல் முடிந்தது. முடிந்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்படி ஒரு அமைதிக்காகத்தானே இவ்வளவு நாள் ஏங்கினாய் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை திருத்துபவரும் வந்துவிட்டார். தலைமையாசிரியர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, நானும் இருக்க, 'ஆனா'வை உள்ளே கூப்பிட்டார். "கடைசியா கேக்கறேன். ஹால்ல யார் சொன்னது?"

"யாரும் சொல்லல சார்."

அவர் பேனாவைத் திறந்தார். சும்மா பயமுறுத்துகிறவர் பேனாவை அப்படித் திறக்க மாட்டார். பள்ளியின் பெயரை எழுதிவிட்டு, அவளுடைய பெயரின் முதல் எழுத்தைப் போட்டார்.

"சார், நிறுத்துங்க," என்றேன். "அந்தப் பெட்டி எங்க வீட்டுது."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வாய்க்கு வந்த வரிசையில் எல்லாவற்றையும் கொட்டினேன். எனக்குக் கணக்கு எடுக்கப் பயம் என்றேன். யாரையும் கேட்காமல் கொழுந்தனை வகுப்புக்குள் விட்டேன் என்றேன். அவன் பெட்டியை என்னிடம் காட்டினான், நான் பார்க்காமலே நன்றாக இருக்கிறது என்றேன். இந்தப் பிள்ளை வந்து சரியான கேள்வியைக் கேட்டாள், நான் டீ குடித்துக்கொண்டே துரத்திவிட்டேன். முதல் நாளே தாளைப் பார்த்ததும் எனக்குத் தெரியும், வீட்டு ஆளுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றும் சொன்னேன்.

கதவு தட்டாமலே திறந்தது. கொழுந்தன் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக வெளியே நின்றானோ. "குழப்பறதுக்குக் குடுத்திருப்பாங்கன்னு சொன்னது நான்தான் சார். அண்ணி இல்ல," என்றான். அவனுக்கு என்ன ஆகுமோ என்று எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. வந்தானே என்றிருந்தது.

திருத்துபவர் ஒரு தாளை எடுத்துக் கொழுந்தனிடம் நீட்டி, பெட்டியைப் போட்டுக் காட்டச் சொன்னார். அவன் நின்றபடியே போட்டான். நான்கு கட்டம், குறுக்கால கோடு, கீழே பத்து. அவர் அதையும் கட்டிலிருந்த தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "காப்பி இல்ல. சொல்லிக் குடுத்தத அப்படியே எழுதியிருக்காங்க, பாவம்."

தலைமையாசிரியர் அந்த வெள்ளைத் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டார். எங்கள் இருவரையும் திங்கட்கிழமை தனியாகப் பார்ப்பதாகச் சொன்னார். குரலில் இருந்த வெப்பத்தில், பார்ப்பது நல்லதற்கில்லை என்று புரிந்தது. புரிந்தும் எனக்கு மூச்சு சீராக வந்தது. அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு கணம் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு.

"அவளுக்கு அந்தக் கேள்விக்கு மார்க் போடலாமே சார்?" என்று திருத்துபவரிடம் கேட்டேன். "முதல்ல சரியாத்தானே எழுதியிருக்கா."

"அடிச்சத எப்படி மேடம் திருத்தறது? அடிச்சது அடிச்சதுதான்." அவருக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்தது. தாளைக் கட்டுக்குள் சொருகினார்.

நான் 'ஆனா' பக்கம் திரும்பினேன். அவள் இன்னும் கைகட்டி அதே இடத்தில் நின்றிருந்தாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"எட்டுதாம்மா சரி," என்றேன். "உன் விடைதான் சரி. ஏம்மா அடிச்ச?"

"எட்டு வந்தப்புறம் திரும்ப ஒரு தடவ யோசிச்சேன் மிஸ். பெட்டியில போட்டா பத்து வந்துச்சு. ஒன்பதுல இருந்து பத்து எப்படி வரும்னு எனக்குப் புரியல. ஆனா சார் குழப்பறதுக்குக் குடுப்பாங்கன்னு சொன்னாரு. வகுப்புல எல்லாருக்கும் புரிஞ்சுது. எனக்கு மட்டும்தான் குழம்புதுன்னு நெனச்சேன்."

கொழுந்தன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"இனிமே கவலைப்படாத. ஹால் டிக்கெட் வந்துடும். அடுத்த வருஷம் நீ வேதியியல் எடுக்கும்போது நானே..." என்று தொடங்கினேன்.

"நான் வேதியியல் எடுக்கல மிஸ்," என்றாள். "அடுத்த வருஷம் என்ன பிரிவுன்னு நேத்து ஆபீஸ்ல கேட்டாங்க. விஞ்ஞானம் வேண்டாம்னு சொல்லிட்டேன். எனக்கு வராதுன்னு அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

"அத மாத்திக்கலாம்மா. நான் வர்றேன் ஆபீசுக்கு. இப்பவே போலாம் வா."

அவள் நகரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, என் மனம் நோகக் கூடாதே என்பதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"வேண்டாம் மிஸ். எனக்கும் இப்ப அது பிடிக்கல."